பாட நேரத்து லாரி

அன்றைக்கும் மாலை ஆறு மணிக்குச் சரியாக அந்த டிப்பர் லாரி வந்து வீட்டுக்கு எதிரே நின்றது. இன்ஜினை அணைத்த டிரைவர் கீழே இறங்கவில்லை.

டியூஷன் பிள்ளைகளை உட்காரவைத்தபடியே பிரிஸ்கில்லா டீச்சர் அதைப் பார்த்தாள். இருபது நாளாக இதே கதை. டியூஷன் தொடங்கும்போது வருவான், முடிந்ததும் போய்விடுவான்.

"ம், சொல்லுங்க. காம்ப்ளெயின்ட்?" என்றாள்.

"அகென்ஸ்ட்!" என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"ரீசன்?"

"ஃபார்!"

"காஸ்?"

"ஆஃப்!"

எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த ப்ரிபோசிஷன் என்பதை அவள் இப்படித்தான் ராகம் போட்டு மண்டையில் ஏற்றுவாள். ஜோடி மாறினால் குடும்பமே கெட்டது என்பாள்.

ஓரக்கண்ணால் லாரியைப் பார்த்தாள். டிரைவரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கையில் போன் இல்லை. யாரைத் திட்டுகிறானோ, பாவி!

பயத்துக்குக் காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் மாகறல் சாலையில் அவள் கணவன் ஞானதாஸை ஒரு ஜல்லி லாரி அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. எந்த குவாரி வண்டி என்று ஊருக்கே தெரியும், சாட்சி சொல்லத்தான் நாதியில்லை. அவளும் விடாமல் கலெக்டருக்கு மனு மேல் மனு போட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த லாரி வந்து நிற்க ஆரம்பித்தது.

பிள்ளைகள் கிளம்பியதும் அவன் இறங்கி உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான்.

"டீச்சர், நான் பச்சமுத்து. குவாரி வண்டி ஓட்றேன். மனு போட்டுக்கினே கீறீங்களாமே? போதும். இனிமே வாணாம்."

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"மனுவ வாபஸ் வாங்க நான் கையெழுத்து போடமாட்டேன். கொன்னாலும் போடமாட்டேன்!"

"உங்கள யாரு போடச் சொன்னாங்கோ? மொதல்ல படிங்க."

ஆங்கிலம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துபோல் கோணல்மாணலாக, கலெக்டருக்கு ஒரு கடிதம். விபத்து நடந்த தேதி, வண்டி நம்பர், முதலாளி பெயர், ஞானதாஸின் பெயர். அவள் சொல்லிக்கொடுத்த ஜோடி ஒன்றுகூட மாறவில்லை. பாதிக்கு மேல் படிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது.

"தமிழ்ல எழுதுனா, போற வழியிலயே எவனாச்சும் படிச்சிட்டு மொதலாளிகிட்ட சொல்லிடுவான். அதான் இங்கிலீசு. ஏபிசிடி சின்ன வயசுல ஸ்கூல்ல கத்துக்கினது. மீதியெல்லாம் வண்டியில குந்திக்கினு உங்க பாடத்த கேட்டுதான் எழுதனேன். தப்பு இன்னா கீதுன்னு பாருங்க டீச்சர்."

பிரிஸ்கில்லா இரண்டு கைகளையும் கூப்பினாள். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். சாட்சிக்கு ஒருத்தர அனுப்புன்னு ஆண்டவர்கிட்ட அழாத நாளில்ல."

பச்சமுத்து தலை குனிந்துகொண்டான்.

"நான் சாட்சி இல்ல டீச்சர். அன்னிக்கு அந்த வண்டிய ஓட்னவன்."