சீட்டில் எழுதிய வலி

உடையப்பனின் இரண்டு கைகளையும் நாற்காலிக்குப் பின்னால் சேர்த்துக் கட்டினாள் சுகுணா. வார்டில் கட்டும் அதே வெள்ளைத் துணி, அதே முடிச்சு. அவர் முரண்டு பிடிக்கவில்லை.

"இறுக்காத தாயி. நான் எங்கிட்டும் ஓடிப்போக மாட்டேன்."

முன்வரிசையில் சிரித்தார்கள். உடையப்பன் நோயாளி இல்லை. அன்னவாசல் தாண்டி இருக்கும் அந்த மனநலக் காப்பகத்தில் பதினெட்டு வருடமாக வார்டு உதவியாளர். கோடையில் ஊர் ஊராகத் திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டுவார். பயிற்சியில் நோயாளியாக நடிக்க ஒருவர் வேண்டும் என்றதும் எல்லோரும் அவரைத்தான் கைகாட்டினார்கள்.

அந்தப் பயிற்சி ஃபிரெடியால் வந்தது. ஆவூர்ப் பையன், இருபத்தேழு வயது, அறிவுசார் குறைபாடு. பேச்சு வராது. போன மாதம் இரண்டு நாள் கட்டில் கம்பியில் வயிற்றை மோதிக்கொண்டே இருந்தான். வார்டு நர்ஸ் சுகுணா கேஸ் ஷீட்டில் 'வழக்கமான நடத்தை' என்று எழுதினாள். டாக்டர் போனில் சொன்னபடி மாத்திரையைக் கூட்டினாள். கைகளைக் கட்டினாள். மூன்றாம் நாள் காலையில் அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. குடல்வால் வெடித்திருந்தது.

மனநோயைக் கவனிக்கத் தெரிந்த ஊழியர்களுக்கு ஃபிரெடி போன்றவர்களைக் கவனிக்கத் தெரியவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். மூன்று நாள் பயிற்சி போட்டார்கள். கடைசி நாள் தேர்வில் தேறினால் சுகுணா வார்டுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் வேலை இல்லை. இது கடைசி நாள்.

திருச்சியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் இசைவாணி, ஆறு சீட்டுகளை டிரேயில் குலுக்கிப் போட்டார். எந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று எடுக்கும்போது தனக்கே தெரியாது என்றார். ஒன்றை எடுத்துத் தான் பார்க்காமல் விரித்து, உடையப்பனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

உடையப்பன் உற்றுப் பார்த்தார். "பொறத்தால திருப்புங்கம்மா."

"கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களாண்ணே?" என்றான் மனநல ஆலோசகர் அருள்தாஸ். மறுபடி சிரிப்பு. இசைவாணி சீட்டைத் திருப்பிக் காட்டினார். உடையப்பன் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேள்விகளெல்லாம் அப்புறம் என்று சொல்லி இசைவாணி அவர் வாயில் பிளாஸ்திரியை ஒட்டினார். சீட்டை மடித்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

சீட்டில் உள்ள வலியை அவர் பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும்; அது எங்கே என்று பத்து நிமிடத்துக்குள் சுகுணா கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்களும் யோசனை சொல்லலாம்.

முதல் மூன்று நிமிடம் உடையப்பன் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு காலால் தரையை உதைத்தார். நாற்காலி குலுங்கியது. பசி என்றார்கள். பாத்ரூம் என்றார்கள். கோபம் என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை இடவலமாக ஆட்டினார். கண்கள் பிதுங்கின.

"நாடகத்துல கூட இந்த நடிப்பு நடிச்சதில்லையே மனுசன்," என்றான் அருள்தாஸ். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

சுகுணா சிரிக்கவில்லை. மூன்று நாளாக இசைவாணி சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஆளுடைய பெயரையும் பழக்கத்தையும் மறந்துவிட்டு உடம்பைப் பாருங்கள். இடது தோள் உள்வாங்கியிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியைத் தொட்டாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. இந்த அளவுக்கு எப்படித்தான் வியர்க்க வைக்கிறாரோ என்று நினைத்தாள்.

எட்டாவது நிமிடம். அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கையைத் தாடையில் வைத்தாள். இல்லை. காதில் வைத்தாள். இல்லை. வயிற்றில் வைத்தாள். ஃபிரெடிக்கு ஒருமுறை கூட அவள் இப்படித் தொட்டுப் பார்க்கவில்லை. உடையப்பனுக்கு அங்கேயும் இல்லை.

நெஞ்சில் வைத்தாள். உடையப்பன் கண்ணை மூடினார். தலை மேலும் கீழும் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது.

"நெஞ்சு வலி," என்றாள் சுகுணா.

கைதட்டினார்கள். ஒன்பது நிமிடம் என்றார் இசைவாணி. ஃபிரெடிக்கு அந்த இரண்டு நாளில் யாராவது ஒரு ஒன்பது நிமிடம் கொடுத்திருந்தால் போதும் என்றார். கைதட்டல் நின்றது. சுகுணா தலை குனிந்து அழுதாள். ஒரு மாதத்தில் முதல் அழுகை. அருள்தாஸ் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

உடையப்பனின் தாடை மார்பில் படிந்திருந்தது.

"போதும்ணே, எந்திரிங்க. அதான் கண்டுபிடிச்சிட்டேன்ல," என்றாள் சுகுணா. குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. பிளாஸ்திரியை உரித்தாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய் முடிச்சைத் தளர்த்தினாள். கைகள் இரண்டும் தொப்பென்று பக்கவாட்டில் தொங்கின.

மதிப்பெண் போடுவதற்காக இசைவாணி உடையப்பனின் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார்.

"சுகுணா, இவருக்கு வந்தது வெத்துச் சீட்டு."