லேப்டாப்பின் காது

போர்வெல்லுக்குள் கேமரா இறங்கியபோது மேலே படம் காட்டிய அதன் திரை தரையில் விழுந்து நொறுங்கியது. மாமனார் சென்னியப்பன் ஒயரைப் பிடுங்கி மருமகள் கோகிலவாணியின் லேப்டாப்பில் செருகினார். ஒரே இருட்டு.

"நாஞ் சொன்னனல்ல, சொட்டுத் தண்ணி இல்ல. மூடிப்போடுங்க!" என்றார் கேமராக்காரரிடம்.

அவள் நட்ட தென்னைகள் வாடி நின்றன.

"நீங்க ஒயரச் செருகுன ஓட்டை பேசற வாய்ங்க மாமா. படத்த வெளிய அனுப்பத்தான் தெரியும். அதுக்குக் கேக்கத் தெரியாது." ஒயரைத் தீப்பெட்டி அளவு டப்பாவில் மாட்டி, டப்பாவை வேறு ஓட்டையில் செருகினாள். "இதானுங்க காது."

லேப்டாப் திரையில் பாறை இறங்கிக்கொண்டே போனது. பழைய மோட்டார் தொங்கிய ஆழத்துக்கும் கீழே, வெடிப்பொன்றிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கேமராக்காரர் விசிலடித்தார். கோகிலவாணி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள்.

மாமனார் மெல்லக் குனிந்து, லேப்டாப்பில் காதை வைத்தார்.