மஞ்சள் தொப்பி

"நான் இங்க இருக்கிற வரைக்கும் இவங்கள உள்ள விட மாட்டேன்!"

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் தலைமை நர்ஸ். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் 'பூட்டு சிஸ்டர்' என்றுதான் பெயர். ஈ, எறும்பைக்கூட உள்ளே விட மாட்டாள்.

எதிரே, வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிப் பிடித்தபடி ஓர் இளம் தாய். "முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டேன் சிஸ்டர். ஒரே ஒரு தடவை தூக்கிட்டுத் தந்துடறேன்."

"பெரிய டாக்டரே ஆர்டர் போட்டுட்டாரு சிஸ்டர்," என்றாள் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். "இன்னையிலேருந்து பெத்தவங்க எப்ப வேணா வரலாம், குழந்தையைத் தூக்கலாம். கண்ணாடிக்கு வெளிய நிக்க வெச்ச காலமெல்லாம் போச்சு."

"மத்தவங்க தாராளமா வரட்டும். இவங்க மட்டும் வேணாம். இவங்க வீட்டுக்காரர் வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

புது நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைத் தொடப் புருஷன் அனுமதியா? இந்தப் பெண் வலியைப் பொறுத்துக்கொண்டு பிழிந்து அனுப்பும் தாய்ப்பாலை, பூட்டு சிஸ்டர் வாஷ்பேசினில் கொட்டியதை அவள் ஒருநாள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். கல்நெஞ்சக்காரி.

புருஷனோ வாயில்லாப் பூச்சி. மற்ற அப்பன்மார்கள் பூட்டு சிஸ்டரோடு மல்லுக்கு நிற்பார்கள். இவன் கும்பிட்டுவிட்டுப் போவான். மஞ்சள் தொப்பி போட்ட குழந்தையைப் பூட்டு சிஸ்டர் கண்ணாடிக்கு உள்ளிருந்து தூக்கிக் காட்டும்போது, மனைவி கண்ணாடியிலேயே முத்தமாகக் கொடுப்பாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவனுக்கு போன் போடுவதற்காகப் பூட்டு சிஸ்டர் ஆபீஸ் அறைக்கு ஓடினாள். இதுதான் சமயம் என்று புது நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா. என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அந்தத் தாய்க்கு வழிகாட்டவே தேவையிருக்கவில்லை. கண்ணாடியோரத் தொட்டிலுக்கு நேரே போய், மஞ்சள் தொப்பிக் குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வீறிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை கப்சிப்பென்று அடங்கியது.

"பாத்தியாம்மா, என் சூடு இவளுக்குத் தெரியுது!"

புது நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போயா இத்தனை நாள் இவளை வெளியே நிற்க வைத்தார்கள் என்று வயிறெரிந்தது.

பின்னாலேயே சக்கர நாற்காலியில் இன்னொரு தாயைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரசவத்தில் நினைவு தப்பி, அன்றுதான் கட்டிலை விட்டு இறங்கியவள். "என் பாப்பா எது சிஸ்டர்? நான் இன்னும் மொகத்தக்கூடப் பாக்கல."

"இதோ காட்டறேங்க்கா!" புது நர்ஸ் உற்சாகமாக அவள் கைப்பட்டையில் இருந்த எண்ணைப் படித்தாள். தொட்டில் தொட்டிலாகத் தேடிக்கொண்டு போனாள்.

அந்த எண் கண்ணாடியோரத்தில், காலியாகக் கிடந்த தொட்டிலில் இருந்தது.

அவள் திரும்பினாள். மஞ்சள் தொப்பியை முகர்ந்து முகர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள் அந்த இளம் தாய். வாசலில் பூட்டு சிஸ்டர். அவள் முகத்தில் கோபம் இல்லை, ரத்தமே இல்லை.

மெல்ல வந்து புது நர்ஸின் காதருகே குனிந்தாள்.

"தையல் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அவ புருஷன் என் கால்ல விழுந்தான்டி... அவ புள்ள பொறந்த அன்னைக்கே போயிடுச்சு."