நாலாவது கால்

"அண்ணா, மறுபடியும் ஆடுது."

நாத்தனார் ஸ்டூலும் கையுமாக வாசலில் வந்து நின்றதும் அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது.

அவள் புருஷன் ஸ்டூலை வாங்கித் தரையில் வைத்து, நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். குட்டையாக இருந்த கால் எது என்று தெரிந்ததும், மற்ற மூன்று காலிலும் அதே அளவுக்குக் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்து நிதானமாக அறுக்க ஆரம்பித்தார்.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தூளைக் கூட்டிக் குவித்தபடி இருந்தாள். வேலை முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய பஸ் ஓட்டின மனுஷர் அவர். அத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. தங்கை ஓட்டின ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியது. அப்புறம் அந்த வீட்டில் மூச்சு விடவே எல்லோரும் பயந்தார்கள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்தான், ரப்பர் பந்தை அமுக்கப் பிடிக்காவிட்டால் ஏதாவது கைவேலை செய்யுங்கள் என்றார். மரக்கடையிலிருந்து ரெண்டு பலகையும் பழைய இழைப்புளியும் ஓர் உளியும் ரம்பமும் வந்தன. மெஷின் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். வலியோடு வலியாக இழைத்ததில் முதல் நாள் உருப்படியாக ஒரே ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் யாரையும் திட்டாமல் சாப்பிட்டார். அந்தச் சீவலைக் குப்பையில் போட மனசு வராமல் அண்ணி ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்படிப் பாடுபட்டுச் செய்த முதல் சாமான் இந்த ஸ்டூல். அதைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். புதுக் கை, ஆடத்தான் செய்தது. சரிபண்ணிக் கொடுத்தாயிற்று. அப்புறமும் ஆடுகிறது என்றால்?

"அடிபட்டுக் கிடந்தப்போ எட்டிப் பார்க்காதவ, ஸ்டூல் ஆடுதுன்னா மட்டும் ஓடி வர்றா. கையையும் முறிச்சுட்டு, அந்தக் கையால செஞ்சதுல நொட்டை வேற" என்று அண்ணி பொரிந்தாள்.

அவர் சிரித்ததோடு சரி. மூன்று காலாக வைத்துவிட்டால் மேட்டிலும் பள்ளத்திலும்கூட ஆடாது என்று மரக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அதே சிரிப்புதான்.

தடவைக்குத் தடவை ஸ்டூல் குட்டையாகிக்கொண்டே வந்தது. முதலில் ஏறி நின்றால் மேல் அலமாரி எட்டும். இப்போது உட்கார்ந்து துணி துவைக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் போனால் பலகைதான் மிஞ்சும்.

அடுத்த வாரம் அண்ணி பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிட்டாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும்.

நாத்தனார் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சமையலறைத் தரையில் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, ஒரே ஒரு காலை மட்டும் உப்புத்தாளால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணியைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. அந்தக் கையை முறிச்சவ நான். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவர் எதிர்ல சும்மா வந்து உட்கார்றது? இது ஆடினாத்தான் எனக்கு அங்க வர ஒரு சாக்கு. அந்தக் கை வேலை செய்யறதைப் பார்த்துட்டு வந்தா, அப்புறம் ரெண்டு நாளைக்குத் தூக்கம் வருது."

அண்ணி எதிரே உட்கார்ந்து, ஸ்டூல் நழுவாதபடி மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் புதிதாக ஏதோ இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கால்கள் தயாராக இருந்தன. நாலாவது கையில் இருந்தது. எல்லாமே வழக்கத்தைவிட நீளம்.

"யாருக்குங்க?"

"தங்கச்சிக்குத்தான். அது குட்டையாயிடுச்சே."

பார்த்ததைச் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதையாவது மூணு காலா வெச்சிருக்கலாம்ல? ஆடவே ஆடாதுன்னு கடைக்காரர் சொன்னாரே."

அவர் இழைப்பதை நிறுத்தவில்லை.

"ஆடலைன்னா, பாவம், அவ எதைச் சொல்லிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வருவா?"