சிலிண்டருக்கு வைத்த பொட்டு

மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தின் மூலையில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. வந்த நாளிலிருந்து அதை யாரும் திறந்ததில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பார்கள்.

"உனக்கென்ன, சாமி மாதிரி நிற்கிறாய்," என்றது பக்கத்துக் கட்டில்.

"வேலை கொடுத்தால்தானே செய்ய?" என்றது சிலிண்டர்.

கொள்ளைநோய் ஊருக்குள் வந்தது. மூச்சுத் திணறிய குருவம்மாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். நர்ஸ் சிலிண்டரின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதைத் திறக்கிற சாவி எங்கே?"

"டவுன் ஆஸ்பத்திரியில கேட்டாங்கன்னு போன வருஷமே குடுத்துட்டோமே, சிஸ்டர்," என்றார் வாட்ச்மேன். "இங்க யாருக்கு வேணும்னாங்க."

சாவி வாங்கப் பைக்கில் ஆள் பறந்தான்.

"இன்னும் மூச்சு விடுகிறாளா?" என்று சிலிண்டர் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டிலும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. பைக் சத்தம் கேட்பதற்குள் கட்டில் பேச்சை நிறுத்திவிட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சிலிண்டருக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். மாத்திரை வாங்க வந்த குருவம்மாவின் கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோள்துண்டை எடுத்து அந்தக் குங்குமத்தைத் துடைத்தார்.

"அழுத்தித் துடை ஐயா," என்றது சிலிண்டர்.