சிவப்புச் சீட்டு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கைக்குள் அடங்கும் ஆந்தைக்குப் பெயர் வைக்கிற கதை சொல்கிறேன். அருங்காட்சியகத்தின் பின்னறை. ஜன்னல் வெயில் மேசையில் விழுகிறது. பாடம் செய்த இரண்டு சின்ன ஆந்தைகள் பஞ்சின் மேல் மல்லாந்து கிடக்கின்றன. இது புது இனம் என்று எழுதப் போகிற ஆராய்ச்சிக்காரி, சிவப்புச் சீட்டை நூலோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சீட்டு எதன் காலில் ஏறுகிறதோ, அதுதான் அந்த இனத்துக்கே மாதிரி; புதுப் பெயர் என்றைக்கும் அந்த ஒரு பறவையைச் சேர்ந்தது. அவள் கை, பாதி வால் உதிர்ந்த ஆந்தையின் பக்கம் போகிறது. இரண்டையும் பாடம் செய்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். "இதுக்காம்மா? பக்கத்துல ராஜா மாதிரி ஒண்ணு கிடக்கே. என் மானமே போயிடும்." "இறகைப் பார்த்தா பழைய இனம் மாதிரியேதான் இருக்கு அண்ணே, கூவுறதுதான் வேற. இது கூவினதைப் பதிவு பண்ணிட்டுத்தான் பிடிச்சேன். உங்க ராஜா வாயே திறக்கலை. சீட்டை அவர் கால்ல கட்டி, நாளைக்கு அவர் பழைய இனம்னு யாராவது காட்டிட்டா, என் ஆறு வருஷ வேலை போச்சு." அவர் ராஜாவின் நெஞ்சை ஒருமுறை தடவிக் கொடுக்கிறார். பிறகு மொட்டை வால்காரனின் காலை இரண்டு விரலால் தூக்கிப் பிடிக்கிறார். "ரெண்டு முடிச்சாப் போடு," என்கிறார். அவள் போடுகிறாள். உங்கள் வீட்டில் யார் குரல் கொடுத்தாலும் கேட்க ஒரு காது இருக்கட்டும், எல்லாரும் நன்றாயிருங்கள்.