கொடி காட்டாத கார்டு

"பாவி மனுஷா, அந்தப் பச்சைக் கொடியக் காட்டித் தொலையேன்!"

திருத்தணி ஸ்டேஷனில் இட்லி விற்கும் எல்லம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்று அது கூட்ஸ் வண்டி கார்டு பஞ்சாட்சரத்தின் மேல் பாய்ந்தது.

கூட்ஸ் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வரவேண்டிய பாசஞ்சர் அரக்கோணத்தில் மாட்டிக்கொண்டது. அதில்தான் மாப்பிள்ளை வீட்டார். மலைமேல் நிச்சயதார்த்தம். ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

எதிர்கொண்டு அழைக்க வந்த பெண்ணின் அம்மா கோமளவல்லி, பூத்தட்டோடு பெஞ்சில் தவித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

டிரைவரும் கெஞ்சினார். "எஞ்சின் பிரேக் நல்லா பிடிக்குது சார். மெதுவா ஓட்டிகினு போயிடறேன்."

"எஞ்சின் நிக்கும்யா. பின்னாடி இருக்கிற வேகனெல்லாம் நிக்குமா?" பஞ்சாட்சரம் தன் கார்டு பெட்டியில், வண்டி முழுக்க பிரேக் பிடிக்குமா என்று சொல்லும் வாக்குவம் முள்ளைக் காட்டினார். அது மேலே ஏறுவேனா என்றது. "எங்கியோ பைப்பு ஓட்டை. மேட்டுல கொக்கி அறுந்தா, உருண்டு வந்து பாசஞ்சர் மேலதான் மோதும். மாத்தாம கொடி கிடையாது."

"பெரிய சட்டம்! அந்தம்மா மூஞ்சியப் பாருய்யா. உனக்கும் ஒரு பொண்ணு இருந்தா தெரியும்!"

பஞ்சாட்சரம் கோமளவல்லியை ஒரு தடவை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு வேகன் பக்கம் நடந்தார். உறைத்துவிட்டது என்று எல்லம்மாளுக்குத் திருப்தி.

கிழிந்த பைப்பை மாற்றி, முள் ஏறி, பச்சைக் கொடி அசைந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. கார்டு பெட்டி கடந்து போகையில் கோமளவல்லி ஏனோ எழுந்து நின்றாள்.

பாசஞ்சர் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாகராஜன் கொதித்துக்கொண்டே இறங்கினார். "நல்ல நேரத்தக் கெடுத்த கார்டு எவன்? சும்மா விடமாட்டேன்!"

"நல்லா கேளுங்க சாமி!" எல்லம்மாள் ஒத்து ஊதினாள்.

கோமளவல்லி நிமிர்ந்தாள்.

"உங்க சம்பந்திதாங்க. லீவு கேட்டாரு, ஆளு இல்லன்னுட்டாங்க. பிரேக் பிடிக்காத வண்டிக்கு அவரு கொடி காட்டமாட்டாரு. சொந்தப் பொண்ணு கல்யாணமே நின்னாலும் காட்டமாட்டாரு."

சொல்லும்போது அவள் குரலில் அத்தனை பெருமை. எல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாகராஜன் கூட்ஸ் போன தண்டவாளத்தையே பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பினார்.

"இன்னா நின்னுகினு இருக்கீங்க? தட்ட எடுங்க. அந்த மனுஷன் பொண்ண எடுக்க ராகுகாலம் இன்னா, எமகண்டம் இன்னா? நடங்க மலைக்கு!"